பெரியவரைக் காணவில்லை

"பெரியவரைக் காணோம் மேடம்" என்றார் ரேஞ்சர். சொல்லிவிட்டு, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அண்ணி குடையை மடியில் கிடத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தான்.

"வயசு என்ன சார்?"

"அறுபதுக்கு மேல இருக்கும்."

"ஞாபக மறதி உண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"நடப்பாரா?"

"அதிகமா நடக்க மாட்டாரு. நீந்துவாரு."

"இந்த வயசுலயா! கொடுத்து வெச்ச உடம்பு. பல்லு?"

"எல்லாம் இருக்கு. வாயை மூடினாலும் கொஞ்சம் வெளிய தெரியும்."

"காணாமப் போகும்போது என்ன உடுத்தியிருந்தாரு?"

ரேஞ்சர் குழம்பிப்போய்ப் பார்த்தார். "அவரு எப்பவும் எதுவும் உடுத்துறதில்லையே."

மைனா அண்ணியின் பக்கம் குனிந்தான். "அண்ணி, இது நம்ம கேஸ் இல்ல. குடும்பத்துல பெரியவங்க உட்கார்ந்து பேசித் தீர்த்துக்க வேண்டிய விஷயம்."

ரேஞ்சர் தனக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். கண்ணாடி போட்ட பெரிய படம். சேற்றுத் திட்டின் மேல், வாயை முழுக்கத் திறந்துகொண்டு, ஒரு வேன் நீளத்துக்கு ஒரு முதலை படுத்திருந்தது.

"இவர்தான் பெரியவர்."

மைனா நாற்காலியோடு சேர்ந்து பின்னால் நகர்ந்தான்.

அண்ணி உண்மையில் மைனாவுக்கு மட்டும்தான் அண்ணி. அவனுடைய அண்ணன் பெண்டாட்டி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைத் தோண்டி எடுக்கும் வேலையில் தலை நரைத்தவள். எரிந்து சாம்பலான சரக்கு வேறு ஊரில் விற்பனைக்கு வருவதையும், செத்துப்போன மாமனார்கள் சந்தையில் காய்கறி பேரம் பேசுவதையும் பார்த்துப் பார்த்துச் சலித்து, சொந்தமாகத் துப்பறியும் ஏஜென்சி ஆரம்பித்தாள். மைனா அதற்கு முன்னால் வானொலி அறிவிப்பாளன். பாட்டுக்கு நடுவிலும் பேசினான் என்று அனுப்பிவிட்டார்கள். சும்மா இருந்த கொழுந்தனை உதவிக்கு வைத்துக்கொண்ட நாள் முதல், அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஊரே அவளை அண்ணி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. விதிப்படி நடக்கும் இந்த ரேஞ்சர் மட்டும்தான் மேடம் என்றார்.

"போலீஸுக்குச் சொன்னீங்களா?" என்றாள் அண்ணி.

"முதலையைக் காணோம்னு ஸ்டேஷன்ல சொன்னா, நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். பயத்துல யாரும் கடல்ல கால் வைக்க மாட்டாங்க. அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு மேடம். இன்னிக்கு மத்தியானம் தலைமை அலுவலகத்துலேருந்து முதலை டாக்டர் வர்றாங்க."

"எதுக்கு?"

"நான்தான் வரச் சொன்னேன்." ரேஞ்சரின் குரல் இறங்கியது. "கொஞ்ச நாளாவே பெரியவர் சோர்ந்து கிடந்தாரு. திரும்பிக்கூடப் படுக்கல. மனசு கேக்காம எழுதிப் போட்டேன். அவங்க என்னடான்னா, டாக்டர் வந்து மயக்க ஊசி சுட்டு, ஒரு ரேடியோ கருவியும் மாட்டிட்டுப் போவாங்கன்னு பதில் போட்டுட்டாங்க. இந்தக் கழிமுகத்துல முதலை இருக்குங்கிற ஒரே காரணத்துக்காகத்தான் இதைப் பாதுகாத்து வெச்சிருக்காங்க. முதலை இல்லன்னு டாக்டர் எழுதிட்டா அடுத்த வருஷம் இங்க ஹோட்டல் வந்துடும். பறவைங்க உட்கார்ற மரத்துலயெல்லாம் விளக்கு மாட்டிடுவாங்க."

"மூர்க்கனும் முதலையும் கொண்டது விடாதுன்னு சொல்வாங்க" என்றான் மைனா. "இவரு இடத்தையே விட்டுட்டுப் போயிருக்காரே."

அண்ணி எழுந்து படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலையின் திறந்த வாயைப் பல் டாக்டர் மாதிரி நெடுநேரம் பார்த்தாள்.

"எப்ப எடுத்த படம்?"

"போன மாசம். டாக்டருக்கு அனுப்பறதுக்காக, டவர்லேருந்து பெரிய லென்ஸ் போட்டு நானே எடுத்தேன். அழகா வந்திருந்துச்சுன்னு மாட்டிட்டேன்."

"இவர் சாப்பிட்டு யாராவது பார்த்திருக்காங்களா?"

"ராத்திரியிலதான் சாப்பிடுவாருன்னு படகுக்காரர் சொல்வாரு."

"சரி" என்று படத்தை மாட்டினாள் அண்ணி. "கிளம்பலாம். நடந்து பார்ப்போம்."

நுழைவாயிலில் டிக்கெட் கொடுக்கும் பெண்மணி, கதவை அகலத் திறந்து போட்டு, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். படகுக்காரரின் மனைவி அவள். மூவரையும் பார்த்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"சார், இதுக்குப் போய் வெளியாளுங்களைக் கூப்பிட்டுட்டீங்களே. தானா வந்துடும் சார். எங்க வீட்டுக்காரர்கூடத்தான் கோவிச்சுக்கிட்டுப் போவாரு. பசிச்சா வந்துடுவாரு."

"உங்க வீட்டுக்காரருக்குப் பசிச்சா நீங்க சோறு போடுவீங்க" என்றான் மைனா. "இவருக்குப் பசிச்சா நாங்கல்ல சோறு!"

அண்ணி அந்தத் திறந்த கதவையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நடந்தாள்.

பாதை முதலில் சவுக்கு மரங்களுக்கு நடுவே மணலில் போனது. கொஞ்ச தூரத்தில் மணல் சேறாகி, சேற்றுக்கு மேலே பலகை அடித்த நடைபாதை ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். அவற்றின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருந்த சின்ன நண்டுகள், இவர்களைப் பார்த்துக் கொடுக்கை ஆட்டிவிட்டு வளைக்குள் ஓடின.

"நண்டு டாட்டா காட்டுது அண்ணி. போயிட்டு வாங்கன்னு சொல்லுதா, போய்ச் சேருங்கன்னு சொல்லுதா?"

"சத்தம் போடாதீங்க" என்று கிசுகிசுத்தார் ரேஞ்சர். "சரணாலயத்துக்குள்ள சத்தம் கூடாது. விதி."

மைனாவும் கிசுகிசுத்தான். "முதலை காலைப் பிடிச்சா 'ஐயோ'ன்னு கத்தலாமா, அதையும் காதோட காதாத்தான் சொல்லணுமா?"

ரேஞ்சர் நடந்துகொண்டே யோசித்தார். "விதியில விலக்கு எதுவும் போடல."

அண்ணி மைனாவை முன்னால் விட்டிருந்தாள். பத்தடிக்கு ஒருமுறை அவன் முகத்தில் சிலந்தி வலை ஒட்டியது. துடைத்துத் துடைத்து அவன் புருவமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"இந்தச் சிலந்திங்களுக்கு என் மூஞ்சிதான் கிடைச்சுதா?"

"காலையில முதல்ல நடக்கிறவனுக்குக் கிடைக்கிற மாலை அது. வாங்கிக்கோ" என்றாள் அண்ணி.

நடைபாதை முடிந்த இடத்தில் சேற்றுத் திட்டு இருந்தது. தண்ணீர் வற்றியிருந்தது. எதிர்க்கரையில் பார்வையாளர்கள் ஏறிப் பார்க்கும் மரக் கோபுரம். ரேஞ்சர் திட்டின் நடுவைக் காட்டினார். 

"இங்கதான் படுத்திருப்பாரு. இன்னிக்குக் காலையில அக்கரை வழியா அந்த டவர்ல ஏறிப் பார்த்தப்ப ஆளைக் காணோம். தினமும் சாயங்காலம் அங்க உட்கார்ந்து அவரோட பேசுவேன் மேடம். எனக்குக் குடும்பம் வேற ஊர்ல. மாற்றல் கேட்டுக் கிடைக்கல. பையன் படிக்க மாட்டேங்கிறான், சம்சாரம் போன்ல சரியாப் பேச மாட்டேங்கிறா, எல்லாத்தையும் அவர்கிட்டதான் சொல்வேன். எவ்வளவு நேரம்னாலும் கேப்பாரு. ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பிக்கிட்டது கிடையாது."

அவர் கண் கலங்கியது. நெடுங்காலமாகக் கெட்ட பெயர் வாங்கியிருக்கும் முதலைக் கண்ணீர், அன்று முதல்முறையாக நிஜமாகவே ஒரு முதலைக்காக வந்தது. 

அண்ணி குடையை ஊன்றி மெல்லச் சேற்றில் இறங்கினாள். திட்டின் நடுவிலிருந்து தண்ணீர் வரைக்கும் அகலமாக ஒரு கோடு, சேற்றை வழித்துக்கொண்டு போயிருந்தது.

"வால் தடம்!" என்றான் மைனா, நடைபாதையிலிருந்து இறங்காமலே.

"வால் ஆடும். தடமும் வளைஞ்சு வளைஞ்சு போகும். இது ஸ்கேல் வெச்சுப் போட்ட கோடு மாதிரி இருக்கு. பக்கத்துல நகம் பதிஞ்சிருக்கான்னு பாரு."

"இங்கேருந்தே பார்க்கிறேன். இல்ல."

"இந்தப் புல்லையும் பாரு."

திட்டு முழுக்கப் பச்சைப் புல். நடுவில் மட்டும், கத்தரித்து வைத்த மாதிரி ஒரு முதலையின் வடிவத்தில், புல் வெளுத்துக் கிடந்தது. தலை, உடம்பு, நாலு கால், வால். நாலு கால்களும்கூடத் துல்லியமாகத் தெரிந்தன.

"ரொம்ப நாள் செங்கல் வெச்ச இடத்துல புல் இப்படித்தான் வெளுக்கும்" என்றாள் அண்ணி.

"பாவம், அவ்வளவு சோர்வு" என்றார் ரேஞ்சர்.

அண்ணி அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, குனிந்து புல்லிலிருந்து எதையோ எடுத்தாள். நகத்தளவு பச்சைச் சில்லு.

"செதில்!" என்றார் ரேஞ்சர்.

அண்ணி அதை நகத்தால் சுரண்டினாள். மோந்து பார்த்தாள். கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். "படகுத்துறை எங்க இருக்கு?"

படகுத்துறை பக்கத்தில்தான் இருந்தது. படகு இல்லை. படகுக்காரரும் இல்லை. படகு உரசி உரசி, துறையின் மரத்தூணில் ஒரு பச்சைத் தீற்றல் படிந்திருந்தது. அண்ணி சில்லை எடுத்துத் தீற்றலின் மேல் வைத்தாள். வைத்த சில்லு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அவ்வளவு பொருத்தம்.

"புரிஞ்சுடுச்சு!" என்றான் மைனா. "பெரியவர் படகு மேல மோதியிருக்காரு. படகு கவிழ்ந்து, படகுக்காரரை..." மேலே சொல்லாமல் வயிற்றைத் தடவிக் காட்டினான்.

ரேஞ்சர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"படகுக்காரர் பத்திரமா இருப்பாரு" என்றாள் அண்ணி. "சார், இங்கேருந்து படகு வேற எங்க போகும்?"

"ஒரே ஒரு ஓடைதான். பழைய படகுக் கொட்டகைக்குப் போகும். நடந்தும் போகலாம், ஆனா அந்தப் பாதையை மூடி வெச்சிருக்கோம். நான் வர்றதுக்கு முன்னாலேயே மூடிட்டாங்க. முதலை நடமாட்டம்."

"முதலை நடமாடுதுன்னு சொன்னது யாரு?"

"படகுக்காரர்தான்."

மூடிய பாதையின் வாயில் ஒரு கயிறும், மண்டையோடு வரைந்த பலகையும் இருந்தன. மண்டையோடு சிரித்த மாதிரி இருந்தது. அண்ணி குடையால் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். மைனா அவளைப் பார்த்தான். அவள் கயிற்றைப் பார்த்தாள். அவன் பெருமூச்சு விட்டு முன்னால் போனான்.

"அண்ணனுக்கு நான் ஒரே தம்பி. இதையும் கணக்குல வெச்சுக்கோங்க."

இரண்டு பக்கமும் நாணல் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அண்ணி கேட்டாள். "முகம் எப்படி இருக்கு?"

"பயந்து போயிருக்கு. ஏன்?"

"வலை ஏதாவது ஒட்டிச்சா?"

மைனா முகத்தைத் தடவிப் பார்த்து நின்றுவிட்டான். "ஒரு நூலிழைகூட இல்லையே!"

"ஜனங்க நடக்கிற பாதையில உனக்கு மாலை மாலையா விழுந்துச்சு. யாருமே நடக்காத பாதையில ஒண்ணுமில்ல. நமக்கு முன்னால காலையில யாரோ இங்க போயிருக்காங்க. சிலந்தி மட்டத்துக்குத் தலை இருக்கிற யாரோ. முதலைக்கு அவ்வளவு உயரத்துல தலை கிடையாது."

அப்போது பின்னாலிருந்து அலறல் கேட்டது. "சார்! போகாதீங்க சார்! அங்கதான் முதலை இருக்கு!" டிக்கெட் பெண்மணி மூச்சிரைக்க ஓடி வந்தாள். வந்தவள் நிற்கவில்லை. அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, முதலை இருக்கிற பக்கமாகவே ஓடி மறைந்தாள்.

மைனா வாயைப் பிளந்தான். "இவ்வளவு தைரியசாலியை நான் பார்த்ததே இல்ல."

"நானும்தான்" என்றாள் அண்ணி. "சீக்கிரம் வா."

பாதை ஒரு சின்ன மைதானத்தில் முடிந்தது. தகரக் கூரை போட்ட தாழ்ந்த கொட்டகை. ஓரமாகக் கவிழ்த்துப் போட்ட ஓட்டைப் படகு. ஓடையில் படகுக்காரரின் பச்சைப் படகு கட்டியிருந்தது. கொட்டகை வாசலில் படகுக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். விரலெல்லாம் பச்சை. பக்கத்தில் மனைவி, அவளும் கையை விரித்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், நீளமாக ஏதோ கிடந்தது.

"கிட்ட வராதீங்கம்மா! கடிச்சிடும்!" என்றார் படகுக்காரர்.

அண்ணி நேராக அவருடைய விரித்த கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

"அண்ணி!" என்று கத்தினான் மைனா. "அண்ணன் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்!"

அண்ணி தார்ப்பாயை விலக்கினாள். பெரியவர் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். அவள் குடையின் கைப்பிடியால் அவர் நெற்றியில் தட்டினாள்.

டொக். டொக்.

 ரேஞ்சர், தட்டிய கதவு திறக்கப் போகிற மாதிரி ஓரடி முன்னால் வந்தார்.

"ஃபைபர்" என்றாள் அண்ணி. "படகு செய்யற ஃபைபர், படகுக்கு அடிக்கிற பெயின்ட். உங்க ஆபீஸ்ல படத்தைப் பார்த்தப்பவே சந்தேகம் வந்துச்சு சார். வாய்க்குள்ள மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவுல ஒரு சிலந்தி வலை கட்டியிருந்துச்சு. நல்ல பெரிய வலை. பூச்சிகூட மாட்டியிருந்துச்சு. நாள் கணக்குல வாயை மூடாத முதலைகிட்டதான் சிலந்தி குடியிருக்கும். அப்புறம் இந்த அம்மா. முதலை வெளிய சுத்துதுன்னு தெரிஞ்சும் கதவைத் திறந்து போட்டு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாங்க."

டிக்கெட் பெண்மணி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தக் காலைச் சும்மா வெச்சிருக்கக் கூடாதா நான்!"

படகுக்காரர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சுடுங்க சார். நிஜப் பெரியவர் நீங்க வர்றதுக்கு முன்னாலேயே வயசாகிச் செத்துட்டாரு. சொன்னா ஹோட்டல் கட்ட வந்துடுவாங்க. பறவையெல்லாம் போயிடும், எங்க பொழப்பும் போயிடும். படகு செய்யத் தெரிஞ்ச கை, அதான் செஞ்சேன். வாரா வாரம் ராத்திரியில போய்க் கொஞ்சம் திருப்பி வெச்சுட்டு வருவேன். இந்த மழைக்கு அப்புறம் முதுகு பிடிச்சுக்கிச்சு சார். திருப்ப முடியல."

"அதுதானா அந்தச் சோர்வு?" என்றார் ரேஞ்சர், மிக மெல்ல.

"நீங்க டாக்டரைக் கூப்பிடுவீங்கன்னு நான் கண்டேனா? மயக்க ஊசி சுட்டா 'டங்'குனு சத்தம் கேக்குமே. அதான் நேத்து இருட்டினதும் படகுல கட்டி இழுத்துட்டு வந்துட்டேன். காலையில இவ சாப்பாடு கொண்டு வந்து கொடுத்தா."

ரேஞ்சர் பெரியவருக்கு முன்னால் போய் நின்றார். குனிந்து அதன் கண்ணைப் பார்த்தார். கண்ணாடிக் கோலி.

"என் சம்சாரத்தைப் பத்தியெல்லாம் சொல்லியிருக்கேனேய்யா" என்றார்.

"யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாரு சார்" என்றான் மைனா. ஆறுதலாகத்தான் சொன்னான்.

ரேஞ்சர் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் குரல் உறுதியாக இருந்தது. "நான் பொய் சொல்ல மாட்டேன். இது பொய்னு தெரியாத வரைக்கும் சரி. இப்ப தெரிஞ்சுடுச்சு. டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிடுவேன். ஹோட்டல் வந்தா வரட்டும். தூக்குங்க இதை. வெளிய வைங்க."

டிக்கெட் பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். படகுக்காரர் எழுந்து வால் பக்கத்தைப் பிடித்தார். ஆளுக்கொரு காலாகப் பிடித்துப் பெரியவரை மைதானத்துக்குத் தூக்கி வந்தார்கள். பிணத்தைத் தூக்குகிற மாதிரி இருந்தது. அண்ணிக்கு அந்தக் கேஸ் முடிந்ததில் ஒரு துளிகூடச் சந்தோஷம் இல்லை. கிளெய்ம் பொய் என்று நிரூபித்த நாட்களில், சில வீட்டுக் கதவுகளைச் சாத்திவிட்டு வரும்போது இப்படித்தான் இருக்கும்.

கையில் ஒட்டிய பெயின்ட்டைக் கழுவ மைனா கொட்டகைக்குப் பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவன் குரல் வந்தது. ரொம்ப சௌகரியமான குரல்.

"அண்ணி, இங்க இலையும் சேறுமாக் குவிச்சு ஒரு மேடு இருக்கு. உட்கார்ந்தா மெத்தை தோத்துடும். அடியில கதகதன்னு வேற இருக்கு!"

"கையைக் கழுவிட்டு வா."

"வர்றேன். படகுக்கார அண்ணே, உங்களை என்னமோன்னு நினைச்சேன். இந்த இன்னொண்ணு இருக்கே, இதுதான் பிரமாதம். அதைவிட இதுல வேலைப்பாடு ஜாஸ்தி. கண்ணுல தண்ணி வர்ற மாதிரிகூடச் செஞ்சிருக்கீங்க."

படகுக்காரர் நிமிர்ந்தார். "எது இன்னொண்ணு?"

"நாணலுக்குள்ள வெச்சிருக்கீங்களே. அட, கண்ணைச் சிமிட்டுது அண்ணி! பேட்டரியா?"

"நான் ஒண்ணுதான் செஞ்சேன்" என்றார் படகுக்காரர்.

கொட்டகைக்குப் பின்னால் சத்தம் நின்றது. அதற்கு முன்னும் பின்னும் மைனா அவ்வளவு நேரம் மௌனமாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்புறம் ஒரு சீறல் கேட்டது. லாரியின் ஏர் பிரேக் மாதிரி.

மைனா வந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அவன் கூரை மேல் இருந்ததுதான் தெரிந்தது. கவிழ்ந்த படகில் கால் வைத்து டிக்கெட் பெண்மணி ஏறினாள். முதுகு பிடித்துக்கொண்ட படகுக்காரர் முதுகை மறந்து ஏறினார். ரேஞ்சர் ஏறினார். அண்ணி குடையை முதலில் மேலே கொடுத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, பஸ்ஸில் ஏறுகிற மாதிரி நிதானமாக ஏறினாள். கடைசிக் காலைத் தூக்கும்போது நாணல் பிளந்தது.

பெரியவரைவிடக் கொஞ்சம் சின்னது. ஆனால் இது நடந்தது. நாலு காலையும் ஊன்றி, வயிற்றைத் தூக்கி, சேறு சொட்டச் சொட்ட மைதானத்துக்கு வந்தது. ஓடையில் கட்டியிருந்த படகைப் பார்த்தது. கூரை மேல் இருந்தவர்களைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்துகொண்டு தன் எதிரில் கிடந்த பெரியவரைப் பார்த்தது. சீறியது. பெரியவர் பதில் சொல்லவில்லை. அந்த அலட்சியம் அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. பாய்ந்து வாலைக் கடித்தது. படார் என்ற சத்தத்தோடு வால் தனியாக வந்தது.

"ஐயோ, பெரியவரே!" என்று சரணாலயமே அதிரக் கத்தினார் ரேஞ்சர். நாலு மரத்திலிருந்த கொக்குகள் கூட்டமாகக் கிளம்பின.

அந்தச் சத்தத்துக்கு ஓடையில் வந்துகொண்டிருந்த ஒரு மோட்டார் படகு திரும்பியது. அகலமான தொப்பி போட்ட குள்ளமான ஓர் அம்மாள் அதில் எழுந்து நின்றாள். முதலை டாக்டர். துறையில் யாரையும் காணாமல் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். கூரை மேல் ஐந்து பேர், கீழே ஒன்றுக்கு இரண்டாக முதலை. அவள் முகம் பரிசு விழுந்தவள் மாதிரி மலர்ந்தது.

"யாரும் அசையாதீங்க! அது தாய் முதலை. பக்கத்துல எங்கயாவது கூடு இருக்கணும். இலை, சேறு எல்லாம் குவிச்சு மேடு மாதிரி இருக்கும். முட்டைச் சூட்டுக்கு அடியில கதகதன்னு இருக்கும். யாராவது பார்த்தீங்களா?"

எல்லாரும் மைனாவைப் பார்த்தார்கள். அவன் தன் கால்சட்டையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"பார்த்தேன் டாக்டர்" என்றான். "நல்லாப் பார்த்தேன்."

"உடைஞ்ச சத்தம் எதுவும் கேக்கலையே?"

"இல்ல. நான் மெலிஞ்ச உடம்பு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இந்தப் பக்கம் ரொம்ப நாளா யாருமே வர்றதில்லையா?"

"வர மாட்டாங்க" என்றார் படகுக்காரர். "வருஷக்கணக்கா முதலை பயம்."

"அதான் இங்க வந்திருக்கா. மனுஷக் காலே படாத இடமாத் தேடிக் கூடு கட்டியிருக்கா. இந்தக் கடற்கரையில முதலை முட்டையிட்டுப் பல வருஷம் ஆச்சு தெரியுமா? இனிமே இந்த இடத்தை யாராலயும் தொட முடியாது. நான் எழுதறதை எழுதறேன்."

டிக்கெட் பெண்மணி கூரையிலேயே கணவன் தோளில் சாய்ந்து அழுதாள். அண்ணி குடையை விரித்து அவர்கள் இருவருக்கும் வெயில் படாமல் பிடித்தாள். பொம்மை காட்டிய பயத்தை நம்பி, நிஜம் குடி வந்திருக்கிறது. இப்படி ஒரு பொய் கிளெய்மை அவள் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"ஆமா" என்றாள் டாக்டர், கண்ணை இடுக்கிக்கொண்டு. "அந்த இன்னொண்ணுக்கு என்ன ஆச்சு? வாலே போச்சு, அசையக்கூட இல்லையே?"

 படகுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத ரேஞ்சர் எழுந்து நின்றார். தகரம் சுட்டதால் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி நின்றார்.

"அவரு எங்க ஸ்டாஃப், டாக்டர்" என்றார். "டவருக்கு எதிர்ல ட்யூட்டி. இத்தனை வருஷமா இந்த இடத்தைத் தனியாக் காவல் காத்தது அவர்தான். விவரமாச் சொல்றேன். இன்னியோட அவர் ரிட்டையர் ஆகுறாரு."

டாக்டர் வாலைப் பார்த்தாள். அதன் உள்ளே தெரிந்த வெள்ளை ஃபைபரைப் பார்த்தாள். படகுக்காரரின் பச்சை விரல்களைப் பார்த்தாள். அப்புறம் படகு ஆட ஆட, தொப்பி கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தாள். தாய் முதலை அதற்கும் ஒரு சீறல் சீறிவிட்டு, கொட்டகையைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்து, கூரைக்கு நேர் கீழே, நிழலில், ஆற அமரப் படுத்துக்கொண்டது.

"சந்தோஷம் டாக்டர்" என்றான் மைனா. "நாங்க எப்ப கீழ இறங்கலாம்?"

"அவ தூங்கட்டும்."

மைனா குனிந்து பார்த்தான். முதலை நன்றாக விழித்துக்கொண்டிருந்தது. அவன் அண்ணியின் பக்கம் திரும்பினான்.

"உங்களுக்குத் தாலாட்டு ஏதாவது தெரியுமா அண்ணி?"